குறிக்கப்படாத நாளும் அதைக் குறித்துக் கொடுத்தவர்களும்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். ஓடுகிற ஆண்டில் இன்னும் ஐந்து மாதம் மிச்சமிருக்கும்போதே வரப்போகும் 365 நாளும் அச்சுக்குத் தயாராகிவிடும். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காக அச்சகம் வந்தது, அச்சகத்தோடு காலண்டரும் வளர்ந்தது. தமிழர் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரித் தாளில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், முகூர்த்த நாள் எல்லாம் உண்டு. கிறிஸ்தவ வீடுகளுக்கென்று வசனம் போட்ட காலண்டர் தனியாக வரும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வீட்டு வாசக்கால் வைக்கவும் நாள் கேட்டுப் பழகிய மண் இது. அப்படிப்பட்ட மண்ணில் உலகத்தின் கடைசி நாளுக்கும் தேதி கேட்கிறவர்கள் இருப்பதில் வியப்பில்லை. 1962 பிப்ரவரியில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் சேர்ந்தபோது நாடு முழுவதும் யாகம் வளர்த்தார்கள். 2012 டிசம்பர் 21ஐ மாயன் நாட்காட்டியின் பெயரால் பயந்து கழித்தவர்களும் உண்டு. அந்த வரிசையில் கிறிஸ்தவர்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. கிறிஸ்து மீண்டும் வருவார் என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறவர்கள் நாம்தான். அந்த வருகைக்குத் தேதி போடுகிறவர்களைப் பக்தி மிகுந்தவர்களாகவும், போடாதவர்களைச் சோர்ந்துபோனவர்களாகவும் பார்க்கும் மனநிலை நம் கன்வென்ஷன் பந்தல்களில் இருக்கிறது. உண்மை நேர்மாறானது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தேதி குறிப்பது விசுவாசம் முற்றியதன் அடையாளமல்ல. காத்திருக்க முடியாமல் விசுவாசம் தளர்ந்ததன் அடையாளம்.

இதற்கான முதல் சான்று விருதுநகர் மாவட்டத்திலேயே கிடக்கிறது. வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்று ஓர் ஊர். அதை உருவாக்கியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1810இல் பிறந்த அவர் பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தார். பிறகு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற மிஷனரியுடன் பழகி, எந்த மிஷன் சங்கத்தின் சம்பளத்தையும் நம்பாமல் ஊழியம் செய்யும் வழியைத் தேர்ந்துகொண்டார். 1840களின் தொடக்கத்தில் எழுந்த அந்தக் குடியிருப்பில் விவசாயமும் பள்ளிக்கூடமும் ஜெபமும் ஒன்றாக நடந்தன. 1860இல் அங்கே பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. மக்கள் அழுது பாவத்தை அறிக்கையிட்டார்கள்; தரிசனம் கண்டதாகச் சொன்னார்கள்; ஆணும் பெண்ணும் தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். அருளப்பன் தம் நாட்குறிப்புகளில் இதையெல்லாம் எழுதிவைத்தார். அவற்றைக் கொண்டு ஜி. எச். லாங் 1939இல் ஒரு நூலே வெளியிட்டார். குரோவ்ஸ் சார்ந்திருந்த சகோதர சபையார் கர்த்தரின் வருகையை மிக நெருங்கியதாக எதிர்பார்த்தவர்கள். அருளப்பனும் அந்த எதிர்பார்ப்பில் வளர்ந்தவர். ஆனாலும் அவர் பெயரோடு ஒட்டி நிற்பவை ஓர் ஊரும் ஊர் ஊராக நடந்த உபதேசியார்களுமே. 1867இல் அவர் இறந்தபோது எந்தத் தேதியும் பொய்த்துப்போய்க் கிடக்கவில்லை.

அந்த எழுப்புதலின் அலை தமிழ் உபதேசியார்கள் வழியாக மலைக்கு மேற்கே திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே அது வேறு உருவம் எடுத்தது. ராமய்யன் என்ற தமிழ்ப் பிராமணர் 1861இல் மாவேலிக்கரையில் ஜோசப் பீட் என்ற சி.எம்.எஸ். மிஷனரியிடம் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று யுஸ்துஸ் யோசேப்பு ஆனார். இசையும் கல்வியும் நிறைந்த மனிதர் என்பதால் மக்கள் அவரை வித்வான் குட்டி என்று அழைத்தார்கள். மலையாளச் சபைகள் இன்றும் பாடும் கீர்த்தனைகளை எழுதியவர் அவர். 1870களின் எழுப்புதலில் முன்னணிக்கு வந்த அவர், 1875இல் இன்னும் ஆறே ஆண்டில் கர்த்தர் வருவார் என்று அறிவித்தார். 1881 அக்டோபர் 2 என்று நாளும் குறிக்கப்பட்டது. அதனால் அவரைப் பின்பற்றியவர்களுக்கு ஆறாண்டுக் கட்சியார் என்றே பெயர் விழுந்தது. ஆங்கிலிக்கன் சபையிலிருந்தும் சிரியன் சபைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் பிரிந்து போனார்கள். அந்த நாள் வந்தது, போனது. பலர் பழைய சபைக்குத் திரும்பினார்கள். அவரோ பின்வாங்கவில்லை. கர்த்தர் வந்துவிட்டார், மாம்சக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று விளக்கம் சொல்லி, அந்த ஆண்டையே புது யுகத்தின் தொடக்கமாக வைத்து, யுயோமயம் என்ற தனிச் சபையை அமைத்தார். ஒரே எழுப்புதலின் இரு கிளைகள் இவை. கிழக்கே தேதியில்லாத எதிர்பார்ப்பு. அதிலிருந்து ஓர் ஊர் பிறந்தது. மேற்கே தேதியிட்ட எதிர்பார்ப்பு. அதிலிருந்து பிளவும், பொய்த்த தேதியைக் காப்பாற்றுவதற்கென்றே கட்டிய ஓர் உபதேசமும் பிறந்தன. யோசேப்பின் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. அவர் வாழ்க்கையைத் துயரமானதாக்குவதே அந்தப் பக்தியின் உண்மைதான். கர்த்தரைப் பாட அத்தனை வரம் பெற்றவர், தம் கணக்கைக் காக்கவே கடைசி ஆண்டுகளைச் செலவிட நேர்ந்தது.

திருவிதாங்கூரில் நடந்தது தனி நிகழ்ச்சியுமல்ல. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி தானியேல் எட்டாம் அதிகாரத்தில் வரும் 2300 நாட்களை 2300 ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457இல் எண்ணத் தொடங்கி, 1843–44 என்ற விடைக்கு வந்தார். கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று அவருடைய இயக்கம் நாள் குறித்தது. அறுவடையை வயலிலேயே விட்டவர்கள் உண்டு. மறுநாள் விடிந்ததும் உண்டான துயரத்தைப் பெரும் ஏமாற்றம் என்றே அமெரிக்கச் சபை வரலாறு குறிக்கிறது. அந்த ஏமாற்றத்திலிருந்து தேறி வந்தவர்களில் ஒரு பகுதியார் 1863இல் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையாக உருவெடுத்தார்கள். அந்தச் சபை நம் தென்கோடிக்கும் வந்தது. நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், சட்டாம்பிள்ளை தொடங்கிய இந்துக் கிறிஸ்தவ சபையார் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்து வந்தார்கள். அவர்களோடு தொடர்பு ஏற்பட்டு, 1908இல் ஜே. எஸ். ஜேம்ஸ் அங்கே குடியேறினார். அட்வெண்டிஸ்ட் சபை இன்று எந்தத் தேதியும் குறிப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தேதியால் சூடுபட்ட இயக்கமே தேதியைக் கைவிட்டது என்பது என் வாதத்துக்கு வலுவான சாட்சி.

கணக்குப் போடுகிறவர்கள் கணிதம் அறியாதவர்கள் என்று நினைப்பது தவறு. மிகாயேல் ஸ்டீஃபெல் பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மனியின் தேர்ந்த கணித மேதை, லூத்தரின் நண்பர். 1533 அக்டோபர் 19, காலை 8 மணி என்று மணிக்கணக்கோடு குறித்தார். சபையார் வேலையை விட்டுக் கூடினார்கள். அது பொய்த்தபின் அவர் சிறைப்பட்டு மீண்டு, தீர்க்கதரிசனக் கணக்கை விட்டுவிட்டு, 1544இல் உருப்படியான ஒரு கணித நூலை எழுதினார். சிவகாசிக்கும் ஒரு கணித மேதை வந்திருக்கிறார். தாமஸ் ராக்லண்ட் 1841இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். 1854இல் வட திருநெல்வேலியில் கூடார ஊழியத்தைத் தொடங்கினார். கரிசல் காட்டு ஊர்களில் கூடாரம் அடித்து, சில நாள் தங்கி, அடுத்த ஊருக்கு நகர்வதே அந்த ஊழியத்தின் முறை. 1858 அக்டோபரில் சிவகாசியில்தான் உயிர்விட்டார். அந்தக் கூடாரங்களின் தொடர்ச்சியாகச் சிவகாசியை ஒட்டி எழுந்த கிறிஸ்தவக் குடியிருப்பின் பெயர் சாட்சியாபுரம். இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கொஞ்சம் தள்ளி மீண்டும் வருவோம்.

கணக்கின் உள்வேலையைப் பார்த்தால் அது ஏன் திரும்பத் திரும்பத் தோற்கிறது என்பது புரியும். வேதத்தில் எண்கள் உண்டு: எழுபது வாரம், 1260 நாள், 2300 நாள், ஏழு காலம், 666. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது, நாளை ஆண்டாகக் கொள்ளலாமா என்ற இரண்டுக்கும் விடையைக் கணக்குப் போடுகிறவர்தான் தம் கையிலிருந்து போட வேண்டியிருக்கிறது. பெங்கல் என்ற ஜெர்மானிய வேத அறிஞருக்கு 1836 வந்தது. மில்லருக்கு 1844. கி.மு. 606இலிருந்து எண்ணிய சார்ல்ஸ் ரசலுக்கு 1914. அவர் 1912இல் திருவனந்தபுரம் வரை வந்து பிரசங்கித்தார். வில்லியம் பிரன்ஹாமுக்கு 1977. எட்கர் விசனன்ட் 1988க்கு 88 காரணங்கள் எழுதினார். ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்று உலகெங்கும் விளம்பரப் பலகை வைத்தார். விடை பெரும்பாலும் கணக்குப் போட்டவரின் ஆயுளுக்குள்ளோ அதை ஒட்டியோ விழுந்திருப்பதைக் கவனியுங்கள். தனக்கு முந்நூறு ஆண்டு கழித்து என்று விடை கண்டு ஊரைக் கூட்டியவர் அரிது. எண் வேதத்திலிருந்து வந்திருக்கலாம். தேதியோ கணக்குப் போட்டவரின் ஆசையிலிருந்தும் அச்சத்திலிருந்தும் வந்தது.

வேதத்தின் பேச்சு இதில் தெளிவானது. மத்தேயு 24:36, மாற்கு 13:32 இரண்டிலும் அந்த நாளும் நாழிகையும் வானதூதருக்கும் தெரியாது என்கிறார் இயேசு. தமக்கும் தெரியாது, பிதா ஒருவரே அறிவார் என்கிறார். இந்தக் கடைசிக் கூற்று திருச்சபைக்கு எப்போதுமே சங்கடமாக இருந்தது. மத்தேயுவின் பல பழைய கையெழுத்துப் பிரதிகளில் குமாரனைப் பற்றிய சொற்களே இல்லை. அவற்றைத் தாங்கிக்கொள்ள முடியாமல் படியெடுத்தவர்கள் விட்டிருக்கலாம் என்பது பல அறிஞர்களின் முடிவு. சபை தன் வசதிக்காக இட்டுக்கட்டியிருந்தால் இப்படி ஒன்றை எழுதியிருக்காது. சங்கடப்படுத்தும் வாக்கியம் என்பதே அதன் மெய்மைக்குச் சாட்சி. குமாரனே தெரியாது என்று சொன்னதைத் தெரியும் என்று சொல்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, எந்த இடத்தில் தன்னை நிறுத்துகிறார் என்பதை யோசிக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு வழக்கமாக வரும். நாளும் நாழிகையும்தானே தெரியாது. ஆண்டும் மாதமும் தெரியலாமே என்பார்கள். விசனன்ட் இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தார். அந்த ஓட்டையை அப்போஸ்தலர் நடபடிகள் 1:7 அடைத்துவிடுகிறது. உயிர்த்தெழுந்தவரிடம் சீடர்கள் கடைசியாகக் கேட்ட கேள்வியே காலத்தைப் பற்றியது. காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்குரியதல்ல, அது பிதாவின் அதிகாரத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது. நாள் மட்டுமல்ல, காலம் என்ற முழு வகையையும் அந்தப் பதில் தடுக்கிறது. அகஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே இந்த வசனத்தைக் காட்டித்தான், கணக்கிடும் விரல்களை ஓய விடுங்கள் என்ற பொருள்பட எழுதினார். கேள்வியை மறுத்துவிட்டு இயேசு சீடர்களைச் சும்மா விடவில்லை. அடுத்த வசனத்திலேயே உலகத்தின் கடைசிவரை தமக்குச் சாட்சிகளாக இருக்கும் வேலையைக் கொடுக்கிறார். ஏழாம் வசனம் தேதியை மறுக்கிறது, எட்டாம் வசனம் சாட்சியைக் கேட்கிறது. சிவகாசிக்குப் பக்கத்து ஊர் அந்த எட்டாம் வசனத்தின் சொல்லைத்தான் பெயராகத் தாங்கி நிற்கிறது.

அடையாளங்களைக் கவனிக்கச் சொன்னாரே, அத்திமரத்தைப் பார்க்கச் சொன்னாரே என்பது இரண்டாவது மறுப்பு. சொன்னார். ஆனால் யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி என்று பட்டியலிட்ட அதே இடத்தில், கலங்காதீர்கள், முடிவு உடனே வராது, இவை வேதனைகளின் ஆரம்பம் என்றும் சொன்னார். 2004 சுனாமிக்கும் 2020 கொரோனாவுக்கும் இதுதான் கடைசி அடையாளம் என்ற பேச்சு எழுந்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவர்களுக்கு அதைவிடப் பெரிய அடையாளம் வேறென்ன வேண்டும்? இந்த உலகம் நிலையானதல்ல என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் நினைவூட்டவே அடையாளங்கள் தரப்பட்டன. எந்தத் தலைமுறையும் தன்னைக் கடைசித் தலைமுறை என்று அறிவித்துக்கொள்வதற்காக அல்ல.

இந்த இடத்தில் பட்டாசுத் தொழில் நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. மருந்து கலக்கும் அறையில் எப்போது பொறி பறக்கும் என்று போர்மேனுக்கும் தெரியாது. தெரியாததனால்தான் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, ரப்பர் விரிப்பு வேண்டும், இரும்புக் கருவி கூடாது, பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும், வெயில் ஏறும் முன் கலந்து முடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடெல்லாம். மாலை 4 மணிக்குத்தான் வெடிக்கும் என்று யாராவது உறுதி சொல்லிவிட்டால், மூன்றரை மணிவரை அந்த அறையில் ஒருவரும் விதியைப் பின்பற்றமாட்டார்கள். நேரம் தெரியாததுதான் ஒவ்வொரு நிமிடத்தையும் கவனத்துக்குரியதாக்குகிறது. இயேசு சொன்ன திருடன் உவமையின் பொருளும் இதுவே: எந்தச் சாமத்தில் திருடன் வருவான் என்று வீட்டுக்காரனுக்குத் தெரிந்தால் அந்தச் சாமம் மட்டும் விழித்திருப்பான், தெரியாததால் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். தேதி குறிப்பவர் விழிப்பை வளர்ப்பதாக நினைக்கிறார். உண்மையில் ஒரு நாளை மட்டும் விழிப்புக்கு ஒதுக்கி, மற்ற நாட்களிலிருந்து அதை எடுத்துவிடுகிறார்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு ஊழியர்களிடமிருந்து வருகிறது. தேதி தப்பாகவே இருக்கட்டும், பயந்து நாலு பேர் மனந்திரும்பினால் நல்லதுதானே என்கிறார்கள். இதை லேசாகத் தள்ள முடியாது. ஆத்துமாக்களின்மேல் உள்ள பாரத்தில் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பயம் யார் தலையில் விடிகிறது என்று பார்க்க வேண்டும். தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று நாள் குறித்த டாமி மிஷனை நம்பி மக்கள் வேலையை விட்டார்கள், சொத்தை விற்றார்கள். அதன் தலைவர் லீ ஜாங் ரிம் காணிக்கைப் பணத்தைக் கடன் பத்திரங்களில் போட்டிருந்தார். அவற்றின் முதிர்வுத் தேதி அடுத்த ஆண்டில் இருந்தது. அவர் சிறைக்குப் போனார். கேம்பிங், தம் தேதிகள் பொய்த்தபின் 2012இல், நாள் குறித்தது பாவம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலை மதிக்கிறேன். ஆனால் சேமிப்பையெல்லாம் விளம்பரத்துக்குக் கொடுத்தவர்களுக்கு அது திரும்பி வரவில்லை. வாரக்கூலியிலும் ஆலை முன்பணத்திலும் நகைக் கடனிலும் ஓடும் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைக் குடும்பங்களில் இப்படி ஒரு வார்த்தை விழுந்தால், முதலில் போவது பெண்களின் தோடும் பிள்ளைகளின் படிப்புமாகவே இருக்கும். பயத்தில் வந்த மனந்திரும்புதல் தேதியோடு காலாவதியாகிறது, மிஞ்சுவது கசப்பு. உபாகமம் 18:22 இதற்கென்றே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. கர்த்தர் பெயரால் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல, அவனுக்குப் பயப்பட வேண்டாம் என்பதே அதன் கருத்து. நல்ல விளைவு வந்ததா என்று அந்த அளவுகோல் கேட்கவே இல்லை. சொன்னது மெய்யா என்று மட்டும் கேட்கிறது.

இந்தப் பகுதியில் இன்னொரு கேடும் உண்டு. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்லர். புகையைக் கண்டு உதவ ஓடியவர்களும் பார்க்கப் போனவர்களும். 2021 பிப்ரவரியில் சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் பல உயிர்கள் போயின. இவற்றைக் கடைசிக் காலத்தின் அடையாளம் என்று மேடையில் சொல்வது எளிது. இதே போன்ற கேள்வி இயேசுவிடமே வந்தது. லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை அவரே எடுத்துச் சொல்லி, எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதில் தருகிறார். செத்தவர்களைக் குறியீடாக்க மறுத்து, கேட்கிறவர்களைத் தங்களைப் பார்க்கச் சொல்கிறார். நம் விபத்துகளின் காரணங்களைத் தேட வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் போக வேண்டியதில்லை. அளவுக்கு மீறிய மருந்து, அனுமதிக்கு மேல் ஆட்கள், உள்குத்தகை, தீபாவளி நெருக்கத்தில் வேகப்படுத்தும் உற்பத்தி என்று திரும்பத் திரும்ப அதே காரணங்களே பேசப்படுகின்றன. இவற்றுக்குப் பெயரும் பொறுப்பாளியும் உண்டு. விபத்தை யுகமுடிவின் அடையாளமாக்கிவிட்டால் பொறுப்பாளி மறைந்துபோகிறார். விதவைக்குக் கிடைக்க வேண்டிய நியாயமும் அதோடு போகிறது.

ஆதிச் சபையே இந்தச் சோதனையைச் சந்தித்திருக்கிறது. தெசலோனிக்கேயில் கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற பேச்சு பரவியது. சிலர் வேலை செய்யாமல் திரிந்தார்கள். இரண்டாம் நிருபத்தில் பவுல் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம் என்கிறார். அமைதியாக வேலை செய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்றும் கட்டளையிடுகிறார். எரேமியா இன்னும் ஒரு படி மேலே போனவர். எருசலேம் விழப்போகிறது என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். பாபிலோன் படை சுற்றி நிற்கிறது. அந்த நேரத்தில் ஆனதோத்தில் நிலம் வாங்கி, பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார். முடிவை நம்பியவர் நிலத்தை விற்கவில்லை, வாங்கினார்.

ஒரு குற்றச்சாட்டை நாமும் ஏற்றுக்கொண்டாக வேண்டும். பெரிய சபைகள் வருகையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டதால்தான் தேதிக்காரர்களுக்கு ஆள் கிடைக்கிறது என்கிறார்கள். அது உண்மை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளும் வருகையை நினைக்கவென்றே வைக்கப்பட்டவை. நம் ஆலயங்களில் அவை கேரல் ஒத்திகையிலும் பஜார் வசூலிலும் போய்விடுகின்றன. கர்த்தர் வருவார் என்பது ஏழைகளுக்கு நற்செய்தி: கூலியைப் பிடித்தவனும் பிள்ளைகளைத் தீப்பெட்டிக் கட்டுகளுக்கு நடுவே வளர்த்தவனும் கணக்குக் கொடுக்க ஒரு நாள் உண்டு என்ற செய்தி. அதைப் பிரசங்கபீடம் சொல்லாதபோது, பயமுறுத்தும் வடிவில் வேறொருவர் சொல்கிறார். விருதுநகர் மாவட்டத்து ஆயர்களிடமும் குருக்களிடமும் போதகர்களிடமும் ஒரு வேண்டுகோள். வரும் வருகைக்கால ஞாயிறுகளில் ஒன்றிலாவது அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தை எடுத்து, ஏழாம் வசனத்தையும் எட்டாம் வசனத்தையும் சேர்த்தே பிரசங்கியுங்கள். வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து வருகைக்கு நாள் குறித்துக் கொடுத்தால் அவரோடு சேர்ந்து ஜெபியுங்கள், தண்ணீர் கொடுங்கள், நிலப் பத்திரத்தையும் நகையையும் மட்டும் கொடுக்காதீர்கள்.